கிணற்றுக்கு மேற்புறம்

நாற்பத்திரண்டாம் நாள் லாரி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாற்பத்தைந்தாம் நாளும் வரவில்லை. ஐம்பதாம் நாள் காலையில் அய்யாவு ஷெட்டுக்குள் நுழைந்தபோது கோழிகள் விலகி வழிவிடவில்லை. கால் மடங்கி, நெஞ்சைத் தரையில் அழுத்திக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக் கிடந்தன. பிராய்லர் கோழி இரண்டு கிலோவில் ஷெட்டை விட்டுப் போய்விட வேண்டும். அதற்கு மேல் நடமாடும் கால் அதற்கு இல்லை. இவை மூன்று கிலோவைத் தொட்டிருந்தன.

அவன் ஒவ்வொன்றாகக் காலால் நெட்டிப் பார்த்தான். நகர்ந்ததை விட்டான். நகராததைப் பக்கெட்டில் போட்டான். ஐந்தாவது பக்கெட்டும் நிறைந்ததும் வெளியே வந்து பீடி பற்ற வைத்தான்.

“எத்தினி?” என்றாள் ரத்தினம்மாள். அவன் மனைவி. ராகிக் களி கிண்டிய கட்டையைக் கையில் வைத்தபடி வாசலிலேயே நின்றாள்.

“இருபத்தி மூணு.”

“சீக்கா?”

“சீக்குமில்ல மண்ணுமில்ல. குண்டு ஆயிட்டுச் சாவுது. எத்தினி வாட்டி சொல்றது?”

“எங்கிட்டச் சொல்லு. செட்டி கடைக்காரன் கிட்டச் சொல்ல முடியுமா? நேத்து என்னை ரோட்டுலயே நிக்க வெச்சான். அங்கேருந்தே கத்துமான்றான். நான் பொட்டுக்கடலை, பொட்டுக்கடலைன்னு ஊருக்கே கேக்கறாப்ல கத்தறேன். பஸ்ல போறவன்லாம் பாக்கறான்.”

2006, பிப்ரவரிக் கடைசி. மகாராஷ்டிரத்தில் கோழிகளுக்கு நோய் என்று பத்து நாளாக டி.வி.யில் காட்டிக்கொண்டிருந்தார்கள். மூக்கும் கண்ணும் மூடிய வெள்ளை அங்கிக்காரர்கள் கோழிகளைச் சாக்கில் திணித்தார்கள். அது மனிதர்களுக்கும் தொற்றும், உலகம் முழுக்கப் பரவும் என்றார்கள். பெங்களூரை அடுத்து, இவர்கள் இருந்த அத்திபெலேயில் ஒரு கோழிக்கும் ஒன்றுமில்லை. ஆனால் கறிக்கடைகளில் ஈ ஓட்டினார்கள். ஓசூரில் மேடை போட்டுக் கோழி பிரியாணி இனாமாகக் கொடுத்தார்களாம். பரிமாறியவர்களே சாப்பிட்டுவிட்டுப் போனார்களாம். சுற்று வட்டாரத்துப் பண்ணைக்காரர்கள் பலர் கோழிகளை மூட்டை மூட்டையாக ஏரியில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டார்கள். வற்றிய ஏரியின் நடுவே நாய்கள் இழுத்துக்கொண்டு திரிந்தன. பருந்துகள் காலையில் வந்து இருட்டும்வரை சுற்றின. காற்று மாறினால் நாற்றம் ஆனேக்கல் சாலை வரைக்கும் வந்தது.

அய்யாவு பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் லேத் ஓட்டியவன். ஆலை மூடியதும் வந்த தொகையில் இங்கே வந்து ஷெட் போட்டான். நிலம் லட்சுமம்மாவுடையது, குத்தகை. குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுக்கும். வளர்த்துக் கொடுப்பது அவன் வேலை. இரண்டு இடத்தில் போர் போட்டுப் பார்த்தான். அறுநூறு அடிக்கும் புகைதான் வந்தது. கடைசியில் லட்சுமம்மாவின் பழைய கிணற்றிலிருந்து குழாய் இழுத்தான். முப்பத்தைந்து அடிக் கிணறு. எந்தக் கோடையிலும் அதில் இரண்டு ஆள் தண்ணீர் நிற்கும். அவளுடைய வீடு, அவளுடைய மாடு, இவர்கள் இருவர், இரண்டாயிரம் கோழி, எல்லாம் அதே தண்ணீர். அந்தக் கிணறு இல்லையென்றால் அந்த இடத்தில் யாருக்கும் பிழைப்பு இல்லை.

லட்சுமம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவன் இல்லை, ஒரே மகள் துமகூரில். கன்னடக்காரி. அய்யாவு வீட்டோடு மட்டும் தமிழ் பேசுவாள், அதில் பாதி கன்னடம் இருக்கும். ஊரே ஒதுங்கிய பிறகும் அவள் ஒருத்திதான் வேலியைத் தாண்டி வந்தாள். பால் சொசைட்டிக்காரன், கோழி ஷெட்டுக்குப் போகிறாயாமே என்று கேட்டதற்கு, “ஹௌது, போறேன். ஒனக்கு பாலு பேடாவா? வேணான்னா சொல்லு, நானே குடிச்சிக்கறேன்” என்று கேனைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டாளாம். அவன் பின்னாலேயே ஓடி வந்து வாங்கிக்கொண்டான்.

மறுநாள் சிரில் வந்தான். கம்பெனி சூப்பர்வைசர். அல்சூரில் பிறந்து வளர்ந்தவன். எப்போதும் நேராக ஷெட்டுக்குள் போய்க் கோழியைக் கையில் தூக்கி எடை சொல்பவன், அன்று கேட்டுக்கு வெளியே பைக்கை நிறுத்தி, இறங்காமல் ஹாரன் அடித்தான்.

“உள்ள வா சிரில்.”

“இல்லண்ணே. ஆபீஸ்ல ஒரு ஷெட்டுக்குள்ளயும் போவாதேன்னு ஆர்டர்.”

“லாரி?”

“லாரி இல்லண்ணே. லிஃப்டிங் ஃபுல் ஸ்டாப். தீவனமும் இனிமே வராது. நீங்களே க்ளோஸ் பண்ணிடுங்க.”

“க்ளோஸ்னா?”

சிரில் ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கினான், ஏற்றினான். “பொதைச்சிடுங்க. நான் என்னண்ணே பண்றது? எனக்கே இந்த மாசம் சம்பளம் வருமோ என்னமோ. சுண்ணாம்பு இருபது மூட்டை அனுப்பறேன்.”

“உயிரோட இருக்குது சிரில். எல்லாம் நல்லா இருக்குது. டாக்டரக் கூட்டியா, பாக்கட்டும். ஒரு கோழிக்கு மூக்குல தண்ணி வந்தாக்கூட நான் மீசைய எடுத்துடறேன்.”

“ஒங்க மீசைய வெச்சிக்கினு கம்பெனி என்னண்ணே பண்ணும்?” என்றான் சிரில். சிரிக்கவில்லை. “ஏரியில மட்டும் கொட்டாதீங்க. போலீஸ் கேஸு ஆவுது.”

சுண்ணாம்பு ஆறு மூட்டைதான் வந்தது.

கூலிக்கு யாரும் வரவில்லை. பக்கத்தில் மனைப் பிரிவு போட்டுக்கொண்டிருந்த இடத்திலிருந்து நரேஷ் என்பவன் மட்டும் ஜே.சி.பி. கொண்டுவந்தான். மூக்கில் கர்ச்சீப் கட்டியிருந்தான். வண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டான். ஷெட்டுக்கு வடக்கே தோண்டினான்; இரண்டடியில் பாறை. மேற்கே முள்வேலி ஓரம் தோண்டினான். பல் பாறையில் உரசிப் பொறி பறந்தது.

“அண்ணா, ஃபுல்லா பண்டே, பாறைதான். என் பக்கெட்டு பல்லு போவுது. வேற எடம் காட்டு.”

மண் ஆழமாக இருந்தது ஒரே இடத்தில்தான். ஷெட்டுக்கும் லட்சுமம்மாவின் கிணற்றுக்கும் நடுவே, கிணற்றைவிடக் கொஞ்சம் மேடான பக்கம். பழைய வரப்பு கரைந்து சேர்ந்த செம்மண். கிணறு அங்கிருந்து நாற்பது தப்படி இருக்கும். அய்யாவு அந்த இடத்தில் போய் நின்றான். நரேஷ் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தான்.

“இங்க வேணாம்” என்றாள் ரத்தினம்மாள்.

“வேற எங்கடி? ஒன் தலைமேலயா?”

“லாரி வெச்சி எங்கனா தூரமா...”

“சாக்கு மூட்டைய ஏத்திக்கினு ரோட்டுல போனா விட்டுருவானுங்களா? நேத்து சர்ஜாப்புரம் பக்கம் ஒருத்தன் வண்டி கண்ணாடிய ஒடைச்சிட்டானுங்க.”

எஞ்சின் சத்தம் கேட்டு லட்சுமம்மா வந்தாள். கையில் புல் அறுத்த அரிவாள். இடத்தைப் பார்த்தாள், கிணற்றைப் பார்த்தாள்.

“ஏனப்பா அய்யாவு, இல்லியா, இந்த எடத்துலயா?”

“இங்கதான் மண்ணு இருக்குது அக்கா.”

“நீரு?”

அய்யாவு அதற்குப் பதில் யோசித்து வைத்திருந்தான். பீன்யாவில் கடைசி நான்கு வருடம் அவனை லேத்திலிருந்து பேக்கிங் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். கடல் தாண்டிப் போகும் இரும்புச் சாமான்களைக் கெட்டிப் பாலிதீனில் போட்டு, வாயைக் கம்பியால் முறுக்கிக் கட்டுவார்கள். இரண்டு மாதம் கப்பலில் கிடந்தாலும் துரு ஏறாது. காற்று உள்ளே போகாது, எண்ணெய் வெளியே வராது.

“சும்மா போட மாட்டேன் அக்கா. தீவனப் பையில போட்டு, மேல ஒரு பாலிதீன் பை போட்டு, கம்பி முறுக்கிக் கட்டி எறக்குவேன். ஒரு சொட்டு கீழ எறங்காது. ஃபாக்டரியில இதான் என் வேலை.”

அவள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டாள். “நீ கம்பெனியில இருந்தவன். எனக்கு ஏன் கொத்து, என்ன தெரியும்? நீ சொன்னா சரி” என்றாள். பிறகு ரத்தினம்மாளைப் பார்த்து, “ரத்னா, ஊட்டா நான் மாடி, சமைச்சி அனுப்பறேன். நீங்க இந்தக் கையில சமைக்க பேடா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று நாள் ஆயிற்று. காலை ஆறு மணிக்குத் தொடங்கி வெயில் ஏறும்வரை, பிறகு மூன்று மணியிலிருந்து இருட்டும்வரை. அய்யாவு கழுத்தைத் திருகினான். ஒரு கையில் கால், இன்னொரு கையில் தலை. ஒரு இழுப்பு, ஒரு திருகல். முதல் நூறு வரைக்கும் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு வேலையாகிவிட்டது. அவை ஓடவில்லை. ஓட முடிகிறவையும் ஓடவில்லை. அவன் கையில் தீவனத்தைத் தவிர வேறெதையும் அவை கண்டதில்லை. அவன் உட்கார்ந்தால் சுற்றி வந்து முழங்காலில் கொத்தின.

ரத்தினம்மாள் பையில் போட்டாள். ஒரு பைக்குப் பன்னிரண்டு. அடியில் கொஞ்சம் சுண்ணாம்பு, மேலே கொஞ்சம். அவன் வந்து கம்பியைச் சுற்றி, இடுக்கியால் நான்கு முறுக்கு முறுக்கி, மிச்சக் கம்பியை மடக்கிவிடுவான். சில பைகளில் முறுக்கு சரியாக விழவில்லை என்று அவிழ்த்துத் திரும்பக் கட்டினான்.

“செத்துப்போனதுக்கு எதுக்குய்யா இத்தினி ஜோடனை?” என்றாள் அவள்.

“அதுக்கு இல்லடி. கெணத்துக்கு.”

இரண்டாம் நாள் மதியம் லட்சுமம்மா அனுப்பிய ராகிக் களியையும் சாற்றையும் வேலியோரம் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அய்யாவுக்கு விரல் மடங்கவில்லை. ரத்தினம்மாள் களியைச் சின்ன உருண்டையாக்கி அவன் தட்டில் போட்டாள். அவன் இடது கையால் எடுத்துச் சாப்பிட்டான்.

மூன்றாம் நாள் நரேஷ் வந்து மண்ணைத் தள்ளி, வண்டியை அதன்மேல் நாலைந்து தடவை முன்னும் பின்னும் ஓட்டி இறுக்கினான். “நீட்டா ஆச்சுண்ணா. க்ரவுண்டு மாதிரி” என்றான். வண்டியிலிருந்து இறங்கவேயில்லை.

மார்ச் மாதம் முழுக்க ஷெட் காலியாகக் கிடந்தது. இரண்டாயிரம் கோழியின் இரைச்சலில் எட்டு வருடம் இருந்தவர்களுக்கு அந்தச் சத்தமின்மையில் பேசப் பயமாக இருந்தது. கரண்டி விழுந்தால் திடுக்கிட்டார்கள். அய்யாவு பழக்கத்தில் ஆறு மணிக்கு எழுந்து ஷெட்டுக்குப் போய்த் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துவிட்டு வருவான். யாரும் வரவில்லை. லட்சுமம்மா மட்டும் சாயங்காலம் வந்து ரத்தினம்மாளோடு உட்கார்ந்து பூண்டு உரிப்பாள்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் கோடை மழை பெய்தது. ஒரு மணி நேரம், ஆலங்கட்டியோடு. மறுநாள் காலையில் அய்யாவு குழிப் பக்கம் போனான். தரை எழும்பியிருந்தது. நரேஷ் இறுக்கிவிட்ட மண் பல இடங்களில் வயிறுபோல உப்பி, நடுவில் வெடித்திருந்தது. ஒரு வெடிப்பில் வெள்ளைப் பை தெரிந்தது. அது பந்துபோல ஊதியிருந்தது. பக்கத்தில் இன்னொன்று கிழிந்து கிடந்தது. அதிலிருந்து கறுப்பாக, கெட்டியாக ஏதோ மழைத் தண்ணீரோடு கலந்து மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கால் வைத்தான். தரை மெத்தை மாதிரி அமுங்கி, கீழே எங்கோ ஒன்று மெல்லிய சத்தத்தோடு வெடித்தது.

காற்று உள்ளே போகாது என்பதைச் சரியாகத்தான் செய்திருந்தான். உள்ளே உண்டாகும் காற்று எங்கே போகும் என்பதை அவன் யோசிக்கவில்லை. இரும்பு அழுகுவதில்லை.

மம்மட்டியால் மண்ணை இழுத்து வெடிப்புகளை மூடினான். கிணற்றில் ஒரு வாளி இறைத்து முகர்ந்தான். ஒன்றும் தெரியவில்லை. வாயில் வைத்துப் பார்க்கத் துணியவில்லை. அந்த நிமிடமே வேலியைத் தாண்டிப் போய்ச் சொல்லியிருக்கலாம். முப்பது தப்படி தூரம். அவன் வீட்டுக்குள் போய் இரண்டு வெள்ளைக் கேன்களை டி.வி.எஸ். ஐம்பதில் கட்டிக்கொண்டு அத்திபெலே பஸ் நிலையக் குழாய்க்குப் போனான்.

“மோட்டார் ரிப்பேர்” என்றான் ரத்தினம்மாளிடம்.

மறுநாளும் போனான். அதற்கு மறுநாளும். நாளைக்குச் சொல்லலாம், இன்னும் ஒரு மழை வந்தால் கழுவிக்கொண்டு போய்விடும், ஒருவேளை கிணற்றுக்கு எட்டாமலேயே நின்றிருக்கும். இப்படி. நான்காம் நாள் அவன் இல்லாதபோது ரத்தினம்மாள் மோட்டாரைப் போட்டுப் பார்த்தாள். ஓடியது. குழாயில் வந்த தண்ணீரைக் கையில் ஏந்தினாள். மூக்கருகே கொண்டுபோகவே தேவையிருக்கவில்லை.

அவன் கேன்களோடு வந்து இறங்கியபோது அவள் குழி மேட்டில் நின்றிருந்தாள்.

“எத்தினி நாளாத் தெரியும்?”

அவன் கேனை அவிழ்த்தான்.

“ஒன்னைத்தான் கேக்கறேன். எத்தினி நாளு?”

“நாலு.”

“எனக்குக் கொண்டாந்து குடுத்த. அந்தப் பொம்பளைக்கு?”

“எப்படிடி சொல்றது? ஒரு சொட்டு எறங்காதுன்னு சொன்னது நானு.”

“அதனால அவ குடிக்கட்டும்னு உட்டுட்டியா?”

அவள் செருப்புக்கூடப் போடாமல் வேலியைத் தாண்டினாள். அய்யாவு பின்னால் போனான். லட்சுமம்மா தொழுவத்தில் இருந்தாள். தொட்டியில் தண்ணீர் அப்படியே இருந்தது. மாடு தலையைத் திருப்பிக்கொண்டு நின்றது.

“பா ரத்னா. நோடு, காலையிலேருந்து குடிக்க மாட்டேங்குது. ஜுரமோ ஏனோ.”

“அக்கா, அந்தத் தண்ணி வேணாம்” என்றாள் ரத்தினம்மாள். அதற்குமேல் அவளுக்கு வரவில்லை. அய்யாவுதான் சொன்னான். பை ஊதியதை, வெடித்ததை, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியதை. மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

லட்சுமம்மா தொட்டித் தண்ணீரைக் கையால் கலக்கினாள். முகர்ந்தாள்.

“தப்பு எல்லாரும் மாடுவாங்க” என்றாள். “பையில கட்டினே. கெணத்துக்காகத்தான் கட்டினே. அது எனக்குக் கொத்து.”

அய்யாவு நிமிர்ந்தான்.

“யாவாக நோடிதே? எப்போ பாத்தே?”

“மழை பேஞ்ச மறுநாளு.”

அவள் விரல்விட்டு எண்ணவில்லை. ஆனால் எண்ணியது முகத்தில் தெரிந்தது. “நாலு நாளா நீ கேன் கட்டிக்கினு போறதை நோடினேன். மோட்டார் கெட்டுப்போச்சுன்னு ரத்னா சொன்னா. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? பாவம், தூரம் போறான்னு, நேத்து ஒரு கொடம் சேந்தி ஒங்க வாசல்ல வெச்சிட்டு வந்தேன்.”

ரத்தினம்மாள் அவனைப் பார்த்தாள். அந்தக் குடத்தை நேற்று மாலை அவன்தான் எடுத்து, அவளுக்குத் தெரியாமல், வாழையடியில் ஊற்றியிருந்தான்.

லட்சுமம்மா தொட்டியைச் சாய்த்துக் காலி செய்தாள். மாட்டை அவிழ்த்துக்கொண்டு வேறு பக்கம் போனாள். திட்டவில்லை. திட்டுவாள் என்று இருவரும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்கள்.

பஞ்சாயத்திலிருந்து எத்திராஜ் என்பவர் கால்நடை ஆஸ்பத்திரி ஆளோடு வந்து பார்த்தார். “சும்மா மண்ணுல போட்டு சுண்ணாம்பு அள்ளிக் கொட்டியிருந்தா இந்நேரம் பாதி மண்ணோட மண்ணாயிருக்கும். அதையும் கெணத்துக்கு மேல்பக்கம் போடலாமாய்யா? பிளாஸ்டிக்ல கட்டி ஊறுகா போட்டு வெச்சிருக்கியே” என்றார். கிணற்றுச் சுவரில் சிவப்பு பெயிண்டால் பெருக்கல் குறி போட்டார்கள். அய்யாவு யார் சொல்லியும் கேட்காமல் மோட்டார் வைத்து மூன்று தடவை கிணற்றை அடிவரை இறைத்தான். இறங்கிச் சேற்றை வாரிக் கொட்டினான். ஒவ்வொரு தடவையும் ஊற்று மறுபடி ஊறியது. ஊறி வந்த தண்ணீரில் அதே வாடை இருந்தது. இரண்டு வருடமாகலாம் என்றார் எத்திராஜ். குழியைக் கிளறிப் பைகளை எடுக்கலாமா என்றதற்கு, இப்போது கிளறினால் இன்னும் மோசம் என்றார்.

மே மாதம் ரத்தினம்மாள் மல்லேஸ்வரத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்குப் போனாள். அங்கேயே தங்கல். “அந்தப் பொம்பளை கொடத்தத் தூக்கிக்கினு ரோட்டுக்குப் போறத தெனம் என்னால பாக்க முடியாது” என்றாள். ஞாயிற்றுக்கிழமை வருவேன் என்றாள். இரண்டு ஞாயிறு வந்தாள்.

ஜூனில் சிரில் போன் செய்தான். குரலில் பழைய சுறுசுறுப்பு. “அண்ணே, மார்க்கெட் எழுந்திடுச்சு. ஜனம் மறந்துட்டாங்க. ரேட்டு முன்னவிட ஜாஸ்தி. ஒங்களுக்கு ரெண்டாயிரம் குஞ்சு போட்டிருக்கேன், வெள்ளிக்கெழமை எறங்குது.”

“தண்ணி இல்ல சிரில்.”

“டேங்கர் அடிச்சிக்கோங்கண்ணே. பெங்களூர்ல பாதி ஊரு டேங்கர்லதான் குளிக்குது.”

அய்யாவு ஷெட்டைக் கழுவிச் சுண்ணாம்படித்தான். உமி பரப்பினான். குஞ்சுக்கு வெப்பம் கொடுக்கும் பல்புகளை மாட்டினான். தனி ஆளாகச் செய்ததில் நான்கு நாள் பிடித்தது. வெள்ளிக்கிழமை காலை அத்திபெலேக்குப் போய் டேங்கரோடு, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பினான்.

சாலை ஓரத்தில் புங்க மரத்தடியில் லட்சுமம்மா உட்கார்ந்திருந்தாள். முன்னால் நான்கு பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக. ஒருநாள் விட்டு ஒருநாள் பஞ்சாயத்துத் தண்ணீர் வண்டி அந்த வழியாக வரும். எட்டு மணிக்கும் வரும், பன்னிரண்டு மணிக்கும் வரும். மாட்டை விற்றுவிட்டாள் என்று கேள்விப்பட்டிருந்தான்.

“நிறுத்துப்பா.”

இறங்கிப் போனான். அன்றைக்குப் பிறகு அவளிடம் பேசியதில்லை. “அக்கா, நல்ல தண்ணி. போர் தண்ணி. புடிச்சிக்கோங்க.”

அவள் அவனைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. வழி கேட்கிற ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு குடங்களை ஒவ்வொன்றாக எடுத்து வாய் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தாள். நான்கையும்.

“ஹோகப்பா, போ” என்றாள். “குஞ்சு வர்ற ஹொத்து, நேரமாச்சு. அதுக்கு வை.”

அவன் திரும்பி வந்து ஏறினான்.

“இன்னாண்ணே, வேணாமாமா?” என்றான் டிரைவர்.

“வேணாமாம்.”

வண்டி பள்ளத்தில் இறங்கிக் குலுங்கியது. மேல்மூடி வழியாகத் தண்ணீர் தளும்பிச் சாலையோரம் கொட்டியது. கவிழ்த்த குடங்களின் முதுகில் கொஞ்சம் தெறித்தது. அய்யாவு பக்கக் கண்ணாடியில் பார்த்தான். அவள் முந்தானையை எடுத்து ஒவ்வொரு குடமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.